நல்ல நாள் பார்த்து எழுதிய சாவு

இங்கிலாந்தில் ஐந்நூறு வருடங்களுக்கு முன்பு சண்டைக்குப் போன ஒருவனுக்காக நான் ஒருநாள் விக்கி விக்கி அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால், "விசர்க்கதை கதையாமல் போய் உன்ரை வேலையைப் பார்" என்றிருப்பேன். அழுவதென்றால் எனக்குச் சொந்தத்திலேயே ஆள் இருந்தது. வெள்ளைக்காரர் தங்களுக்குள் அடிபட்டுச் செத்ததற்கு அழ என்னிடம் கண்ணீர் மிச்சமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

இத்தாலியில், பலெர்மோவில் லிபெர்த்தா வீதிப் பக்கம், நாலாம் மாடியில், எண்பத்திரண்டு வயது அம்மா ஒருவரை, இந்த ஊர்ப் பேச்சில் சின்னோராவை, பார்த்துக்கொள்வது என் வேலை. காலையில் பல்லரோச் சந்தைப் பக்கத்தில் என் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டால் பின்னேரம்தான் திரும்புவேன். குளிக்கவார்ப்பது, சமைப்பது, மருந்து கொடுப்பது, வீடு துடைப்பது. இந்த ஊரில் எங்கள் சனத்தில் பாதிப்பேர் செய்கிற வேலைதான். என் சின்னோராவிடம் மட்டும் இன்னொரு வேலையும் இருந்தது. அவர் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு, செத்துப்போன ஒரேயொரு மனிதனைத் தேடிக்கொண்டிருந்தார். தேடிக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. ஓரத்தால் கதவு தெரியும், சுவர் தெரியும். நேரே பிடித்த கடதாசி தெரியாது. ஆகவே கடதாசி பார்க்கிற வேலை என்னிடம் வந்தது.

ஆவணக்காப்பகத்தில் எடுத்த படங்களைப் பெரிதாக்கி அச்சடித்து மேசையில் விரிப்போம். எல்லாம் லத்தீன், எல்லாம் கோழி கிளறின மாதிரிக் கையெழுத்து. எனக்கு லத்தீன் ஒரு சொல்லும் தெரியாது. நான் எழுத்தெழுத்தாகச் சத்தமாக வாசிப்பேன். சின்னோரா கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, எழுத்துகளைச் சொல்லாக்கி, சொல்லை இத்தாலியனாக்கிச் சொல்லுவார். மேசை நடுவில் என் போன் கிடந்து எல்லாவற்றையும் பதியும். பதிந்தவை தன்பாட்டில் என் மகளின் கணினிக்குப் போய்ச்சேரும்படி அவளே செய்து வைத்திருந்தாள். சனிக்கிழமைகளில் அவள் சின்னோரா வீட்டுக்கு வந்து, காதில் மாட்டிக்கொண்டு, கேட்டுக் கேட்டு அடிப்பாள். அவளுக்கு இருபத்தொரு வயது. பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், கோடையில் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக்கடையில் பரிமாறுகிறாள்.

முதல் மூன்று மாதம் ஒரு வரி வாசிக்க எனக்கு ஒரு மணித்தியாலம் போனது. பிறகு பழகிவிட்டது. அரிசியில் கல் பொறுக்கின கண்ணுக்கு இது பெரிய காரியமில்லை. சின்னோராவும் நானும் பேசியதெல்லாம் இத்தாலியனில்தான். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது எங்கள் பேச்சில். அப்படியே எழுதுகிறேன்.

சின்னோரா தேடிய ஆள் பலெர்மோவான். கப்பல் வேலைக்கென்று போய், இங்கிலாந்தில் இறங்கி, அங்கே ஒரு பிரபுவிடம் கூலிக்குக் குறுக்குவில் பிடித்தவன். அரச கதிரைக்காக அந்த நாட்டுப் பெரியவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட காலம். அந்தச் சண்டைகளில் ஒன்றுக்கு முதல்நாள், ஆற்றங்கரையில் நின்ற ஆட்களின் பட்டியல் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறதாம். பிரபுக்கள் மேலே, சேவகர்கள் கீழே. கடைசிக்கு முதல் வரியில் இவன். பெயர், ஊர், ஆயுதம். அவ்வளவுதான். அந்தச் சண்டையைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஒருவரும் இவனைக் கணக்கிலெடுக்கவில்லை. அவனுடைய பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதவில்லை. இந்தக் கதையில் ஒருவருக்கும் பெயர் வேண்டாம்.

"உந்தக் கண்டறியாத வில்லுக்காரனை விட்டிட்டு முதல் சூப்பைக் குடியுங்கோ, சின்னோரா" என்பேன்.

"அவன் எவ்வளவு காலமாக் காத்துக்கொண்டிருக்கிறான், தெரியுமே?"

"அவன் இன்னும் காத்திருப்பான். சூப் இருக்காது. ஆறிப்போம்."

சிரிப்பார். நல்ல மனிசி. சும்மா சொல்லக்கூடாது, பதினெட்டு வருடத்தில் நான் வேலை செய்த வீடுகளில் என்னைப் பக்கத்தில் இருத்தி ஒன்றாகச் சாப்பிட்டவர் இவர் மட்டும்தான்.

வில்லுக்காரனைப் பற்றி இரண்டாவது பத்திரம் ஒன்று பலெர்மோவிலேயே இருந்தது. பத்திரம் பதிகிற நொத்தாரிசு எழுதியது. இவனுடைய மனைவி, சின்னப் பெண்பிள்ளை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு கப்பல்காரரோடு நொத்தாரிசிடம் போயிருக்கிறாள். அவளுக்குப் புருசன் செத்ததற்கு ஒரு பத்திரம் வேண்டும். அது இருந்தால்தான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மெஸ்ஸினாவுக்குப் போய் இன்னொருவனைக் கட்டலாம். பிள்ளைக்குச் சாப்பாடு கிடைக்கும். கப்பல்காரர் இருவரும் சத்தியம் பண்ணியிருக்கிறார்கள்: ஆற்றங்கரைச் சண்டையில், தேவமாதா விண்ணேறிய திருநாளன்று, இவன் அம்புபட்டு விழுந்ததை எங்கள் கண்ணால் கண்டோம், புதைத்ததையும் கண்டோம்.

இதில்தான் சின்னோராவுக்குச் சிக்கல். அந்தச் சண்டை நடந்தது யூலை மாதத் தொடக்கத்தில் என்று இங்கிலாந்துப் புத்தகங்கள் எல்லாம் ஒரே வாயாகச் சொல்லுகின்றன. திருநாள் வருவதோ ஓகஸ்ட் நடுவில். ஐந்து கிழமைக்கு மேல் வித்தியாசம். திகதியை மறக்கலாம், ஆனால் கிறிஸ்தவன் திருநாளை மறப்பானா என்று சின்னோரா கேட்பார். ஆகவே இரண்டாவதாக ஒரு சண்டை நடந்திருக்கவேண்டும், புத்தகக்காரர் தவறவிட்ட சண்டை என்று முடிவுகட்டி, நாலு வருடமாக இங்கிலாந்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பதிலையும் நான்தான் பிரித்தேன். அப்படி ஒரு சண்டை இல்லை என்றுதான் எல்லாவற்றிலும் இருந்தது.

இனி என் கதைக்கு வரவேண்டும். சொல்ல விருப்பமில்லாததை முதலே சொல்லிவிடுகிறேன்.

நான் பலெர்மோவுக்கு முன்னே வந்தேன். என் கணவரும் மூன்று வயதுப் பிள்ளையும் என் தங்கச்சியோடு வன்னியில் இருந்தார்கள். எனக்கு இங்கே தங்குகிற அனுமதி, பெர்மெஸ்ஸோ, கிடைத்ததும் கூப்பிடுவதாகத்தான் இருந்தது. அதற்குள் சண்டை இறுகிவிட்டது. கடைசி மாதங்களில் போன் இல்லை, ஒன்றுமில்லை. பிறகு அகதி முகாமிலிருந்து தங்கச்சி போன் எடுத்தாள். பிள்ளை இருக்கிறாள் என்றாள். "அத்தான்?" என்று கேட்டேன். ஷெல்லுக்குள்ளும் தப்பி, பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நெஞ்சளவு தண்ணீருக்குள்ளால் நடந்து, கரையேறி, ஆமிக்காரரின் சாவடிக்கு வந்தார்களாம். அங்கே ஆம்பிளைகளைப் பிரித்து ஒரு பஸ்ஸில் ஏற்றினார்களாம். யன்னலால் கை காட்டினவராம். அதற்குப் பிறகு ஒரு கதையும் இல்லை. இன்றுவரை இல்லை.

பிள்ளையை இங்கே எடுக்கவேண்டும். தகப்பன் கையெழுத்து வை, இல்லாவிட்டால் தகப்பன் செத்த பத்திரம் வை. இது இரண்டும் இல்லாத பிள்ளைக்கு விசா இல்லை. ஒரு வருடம் பார்த்தேன். முகாமில் பிள்ளைக்குக் காய்ச்சல், வயிற்றோட்டம், பேச்சுக் குறைந்துபோனது. ஒருநாள் தங்கச்சியிடம் சொன்னேன்: "எழுது. செத்துப்போனார் எண்டு எழுது."

முகாமில் பழகிய இரண்டு பேர் சத்தியக்கடதாசி கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். ஷெல் பட்டு விழுந்ததைக் கண்டோம், புதைத்ததையும் கண்டோம். திகதி வேண்டும். கடைசியாகக் கண்ட நாளையே எழுதலாம் என்றேன். தங்கச்சி பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் போன் எடுத்திருக்கிறாள்.

"அக்கா, பஸ்ஸிலை ஏத்தின நாள் பஞ்சமி. பஞ்சமியிலை போன ஆள் வீட்டிலை இன்னொருத்தரைக் கூட்டிக்கொண்டு போவார் எண்டு தெரியும்தானே. நாளைக்குப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் நான் தாங்கமாட்டன்."

"அப்ப எதை எழுதுறது?"

"அதுக்கு முந்தின ஏகாதசியை எழுதுவம். ஒம்பது நாள்தானே வித்தியாசம். ஏகாதசி நல்ல நாள். அத்தானுக்கும் நல்லது."

"சரி, அதையே எழுது" என்றேன். உயிரோடு ஏற்றிக்கொண்டுபோன மனுசனுக்கு, அக்காவும் தங்கச்சியும் போனில், கலியாணத்துக்குப் பார்க்கிற மாதிரி, சாவுக்கு நாள் பார்த்தோம். அந்த நேரம் எங்கள் இருவருக்கும் அது பிழையாகவே தெரியவில்லை.

ஆனால் பிள்ளை எல்லாவற்றையும் கண்டவள். ஐந்து வயது. கொழும்பில் விசா கொடுக்கிற இடத்தில் பிள்ளையிடம் ஏதும் கேட்டால் என்ன செய்வது என்று பயம். ஆகவே தங்கச்சி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அப்பா எப்படி மோசம் போனவர்? ஷெல் பட்டு. தண்ணிக்குள்ளாலை ஆர் தூக்கிக்கொண்டு வந்தது? சித்தி. கடைசியில் பிள்ளையிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இங்கே வந்த முதற் கிழமை, அவளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். "அம்மா, அப்பா பஸ்ஸிலை ஏறி எனக்குக் கை காட்டினவர்" என்றாள். சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. "அது கனவு பிள்ளை" என்றேன். அப்பா தன்னைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்ததைச் சொன்னாள். அதுவும் கனவு, தூக்கினது சித்தி என்றேன். ஒரு வருடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பத்து வயதாகும்போது அவளே, "எனக்கு ஒரு கனவு வாறது" என்று சொல்லத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்தில் அந்தக் கனவை இத்தாலியனில் கட்டுரையாக எழுதி நல்ல மாக்ஸ் வாங்கிக்கொண்டு வந்தாள். நான் அதைச் சுவரில் ஒட்டினேன். என்னைப் போல ஒரு பாவி இருப்பாளா?

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் அவளும் காத்திருக்கத் தொடங்குவாள். காத்திருப்பது என்ன என்று எனக்குத் தெரியும். தெரியாத இலக்கத்திலிருந்து போன் வந்தால் நெஞ்சு அடிக்கிறது. தெருவில் அதே நடையோடு யாராவது போனால் பின்னால் போய் முகம் பார்க்கிறது. அது என்னோடு போகட்டும், பிள்ளை செத்த தகப்பனுக்கு அழுது முடித்துவிட்டுத் தன்பாட்டில் வாழட்டும் என்று நினைத்தேன். அதற்காக ஒவ்வொரு வருடமும் சித்திரையில் அந்த ஏகாதசிக்குத் திவசமும் செய்தேன். மரக்கறி சமைத்து, படத்துக்கு முன்னால் படைத்து, பல்கனியில் சோறு வைப்பேன். காகம் வராது, பல்லரோவில் மீன்கழிவுக்கு வட்டமிடுகிற கடற்பறவைகள்தான் வந்து கொத்திக்கொண்டு போகும். மகள் பக்கத்தில் நின்று கும்பிடுவாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, "இது உங்களுக்கில்லை, இது உங்களுக்கில்லை" என்று மனதுக்குள் சொல்லுவேன்.

போன சித்திரையில் திவசத்துக்கு முதல்நாள் சின்னோராவிடம், நாளைக்குக் காலையில் வரமாட்டேன் என்றேன். மேசையில் அந்த மனைவியின் பத்திரம் விரிந்து கிடந்தது. ஆயிரத்தோராம் தரமாக அதே வரியை வாசிக்கச் சொல்லியிருந்தார்.

"புருசன்ரை நினைவுநாளோ? போன வருசம் நீர் வேறை திகதியிலையெல்லோ லீவு கேட்டனீர். அதுக்கு முந்தின வருசம் இன்னொரு திகதி" என்றார். கண்தான் போனதே தவிர, திகதி ஒன்றும் அவர் மண்டையை விட்டுப் போவதில்லை. "ஒரு மனுசன் மூண்டு வேறை நாளிலை சாகேலுமே?"

எங்களுக்குத் திகதி கணக்கில்லை, திதிதான் கணக்கு என்று விளங்கப்படுத்தினேன். நிலவைப் பார்த்து எண்ணுவது, வருடாவருடம் மாறும் என்றேன். அவருக்குச் சரியான புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. சாகிறதுக்கு நல்ல திதி, கூடாத திதி இருக்கா என்று கேட்டார். ஓம், ஏகாதசி நல்லது, பஞ்சமி கூடாது என்றேன்.

"எங்கடை ஆக்களும் அப்பிடித்தான். தேவமாதாவின்ரை திருநாளிலை செத்தவன் நேரை மோட்சம் போவான் எண்டு என்ரை அம்மாவும் சொல்லுவா" என்று சின்னோரா சொல்லிக்கொண்டு போனார்.

மேசையில் கிடந்த பத்திரத்தைப் பார்த்தேன். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நொத்தாரிசுக்கு முன்னால் நிற்கிற அந்தப் பெண்ணைக் கண்ணால் கண்டேன் என்றே சொல்லலாம்.

"சின்னோரா, நீங்கள் இரண்டாவது சண்டையைத் தேடவேண்டாம். அவள் நல்ல நாள் பாத்திருக்கிறாள்."

"சாகிறதுக்கு எப்பிடி நாள் பாக்கிறது?"

"சாகிறதுக்குப் பாக்கேலாது. சாவை எழுதுறதுக்குப் பாக்கலாம்."

"அப்ப அந்த இரண்டு கப்பல்காரரும் ஒண்டையும் காணேல்லை. அவள் பொய்க்காரி. பொய்ச்சாட்சி பிடிச்சுப் புருசனைக் கொன்றுபோட்டாள்" என்றார் சின்னோரா.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. கையிலிருந்த பூதக்கண்ணாடியை மேசையில் அடித்து வைத்தேன். "பொய்க்காரி எண்டு சொல்லாதேங்கோ! உங்களுக்கு என்ன தெரியும்? மேசையிலை இருந்து கடதாசி படிக்கிற ஆளுக்குப் பிள்ளையின்ரை பசி தெரியுமோ? அவள் கொல்லேல்லை. அவளுக்கு வேறை வழி இல்லை. எனக்கும் இருக்கேல்லை!"

பிறகு வாய் நிற்கவில்லை. பஸ், யன்னல், முகாம், இரண்டு சாட்சி, பஞ்சமி, ஏகாதசி. பிள்ளைக்குக் கனவு என்று சொன்னது. வேலை செய்த ஒரு வீட்டுக்காரிக்கும், ஒரு சாமிக்கும் சொல்லாததை அந்த மேசைக்கு முன்னால் அரைகுறை இத்தாலியனில் கொட்டித் தீர்த்தேன். முடிந்ததும் சின்னோரா, ஆவணக்காரிக்கே உரிய மாதிரி, சாட்சிகள் இப்போது எங்கே என்று கேட்டார். ஒருவர் செத்துவிட்டார், மற்றவர் கனடா என்றேன். யாராவது அவரைத் தேடினார்களா என்று கேட்டார்.

"தங்கச்சி முதல் வருசம் படத்தைப் பிடிச்சுக்கொண்டு ஆக்களைத் தேடுற மற்றப் பெண்டுகளோடை றோட்டிலை நிண்டவள். பத்திரம் எடுத்தாப்பிறகு போகேல்லை. செத்தவனைத் தேட ஆர் விடுவினம்?"

சின்னோரா மேசைக்கு மேலால் தடவி என் கையைப் பிடித்தார். "மகளுக்குச் சொல்லும்" என்றார்.

"சொல்லமாட்டன். நீங்களும் சொல்லக்கூடாது."

"என்ரை வாயாலை வராது" என்றார். வரவுமில்லை. அந்த வாக்கை அவர் காப்பாற்றினார். நான் முகத்தைக் கழுவி, அவருக்கு மருந்து கொடுத்து, மேசையில் கிடந்த போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்தநாள் வழக்கம்போலத் திவசம் செய்தேன்.

மகளுக்குப் பரீட்சை. மூன்று கிழமை சின்னோரா வீட்டுப் பக்கம் வரவில்லை. அதற்கிடையில் சின்னோரா இங்கிலாந்துக்குப் புதிதாக ஒரு கடிதம் சொல்லி எழுதுவித்தார். இம்முறை கேள்வி வேறு. அந்த ஆள் எங்கே செத்தான் என்று கேட்கவில்லை. சண்டை நடந்த இடத்துக்குக் கிட்ட, சண்டைக்குப் பிறகான வருடங்களில், பலெர்மோவான் ஒருவன் உயிரோடு இருந்ததற்கு ஏதும் அடையாளம் உண்டா என்று கேட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன், அப்படி ஒன்றும் இருக்கக்கூடாது என்று நான் பிள்ளையாருக்கு நேர்ந்தேன்.

பதில் இரண்டு கிழமையில் வந்தது. படமும் இருந்தது. சண்டை நடந்த இடத்துக்குப் பக்கத்து ஊரில் மடத்துச் சாமிமார் மாரிக் குளிரில் ஏழைகளுக்குப் பாண் ரொட்டி கொடுத்த பட்டியல். நான் எழுத்தெழுத்தாக வாசித்தேன். லத்தீன் தெரியாவிட்டாலும் அந்த ஊர்ப் பெயர் எனக்குத் தெரியும். பலெர்மோ. அதற்கு முன்னால் அவன் பெயர். சின்னோரா சொல்லாக்கிச் சொன்னார்: "வலது கை இல்லாதவன், பலெர்மோவான், பாண் ஒண்டு." அடுத்த தாள் அடுத்த மாரி. பலெர்மோவான், பாண் ஒன்று. இப்படி ஏழு மாரி. எட்டாவதில் அந்த வரி இல்லை.

"இருந்திருக்கிறான்! உயிரோடை இருந்திருக்கிறான்! நாலு வருசம் நான் முட்டாள் மாதிரிச் சண்டையைத் தேடினன், நீர் ஒரு நிமிசத்திலை சொன்னீர்" என்று சின்னோரா கதிரையிலிருந்து எழும்பப் பார்த்தார். ஓரப்பார்வையில் என்னைக் கண்டிருக்கவேண்டும். திரும்ப இருந்துவிட்டார்.

நான் தாள்களின் மேல் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தேன். ஏழு மாரி. பாஷை தெரியாத ஊரில், ஒற்றைக் கையோடு, பாணுக்கு வரிசையில் நின்றிருக்கிறான். இங்கே அவனுக்குப் பூசை வைத்து, தேவமாதாவின் திருநாளில் மெழுகுதிரி கொளுத்தியிருப்பார்கள். அவன் எப்படியோ ஒரு கப்பல் பிடித்து வந்திருந்தாலும் நொத்தாரிசின் கடதாசியில் அவன் செத்தவன். மனைவி மெஸ்ஸினாவில் இன்னொருவன் வீட்டில். அவனுக்கு அழுதேன் என்று சின்னோரா நினைத்தார். முதலில் அப்படித்தான் தொடங்கியது.

"அவளுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

"தெரிஞ்சிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பாள்?" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை மகள் பரீட்சை முடிந்து வந்தாள். சிரிப்பும் சத்தமுமாகத்தான் வந்தாள். சின்னோராவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். மூன்று கிழமை வேலை குவிந்து கிடக்கிறது, கடைசிப் பதிவிலிருந்தா முதற் பதிவிலிருந்தா தொடங்குவது என்று கேட்டாள். ஒழுங்காக முதலிலிருந்து அடி என்று சின்னோரா சொல்லிவிட்டு, சாய்மனைக் கதிரையில் படுக்கப் பக்கத்து அறைக்குப் போய்விட்டார். நான் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் மகளின் முதுகும் மேசையும் தெரியும்.

தட்டுகிற சத்தம் மழை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கை வேகமானது. பிறகு அது நின்றது. பிழையை அழித்துவிட்டுத் திரும்ப அடிப்பாள் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தேன். அவள் நிமிர்ந்து இருந்த மாதிரியில்தான் எனக்கு விளங்கியது. திவசத்துக்கு முதல்நாளும் போன் மேசை நடுவில் கிடந்தது. வழக்கம்போலப் பதிந்துகொண்டு கிடந்தது. நான் ஆயிரம் தரம் அதன் பொத்தானை அமர்த்தி நிறுத்தியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும், பத்திரம் வாசிக்கிறதோடு என் கதையும் அதில் பதிகிறது என்பதே எனக்கு உறைக்கவில்லை. பதினாறு வருடம் பொத்தி வைத்ததை என் சொந்தக் குரலிலேயே அவள் காதுக்குள் ஊற்றிவிட்டேன்.

ஓடிப்போய்ப் பிடுங்கவேண்டும் போல இருந்தது. ஆனால் குசினி வாசலிலேயே நின்றேன். நான் சொன்னது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு நேரமும் அவள் அசையாமல் கேட்டாள். ஐயோ, அந்தப் பத்து நிமிடத்தை என் எதிரிக்கும் கொடுக்காதே கடவுளே.

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தாள். கோபம் வந்தால் அவளுக்கு இத்தாலியன்தான் வரும், அதுவும் பலெர்மோச் சந்தைக்காரர் மாதிரி. நான் அதற்குக் காத்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பி, சின்னப்பிள்ளைத் தமிழில் கேட்டாள்.

"அம்மா, தண்ணிக்குள்ளாலை என்னைத் தூக்கிக்கொண்டு வந்தது ஆர்?"

"அப்பா."

"சித்தி இல்லையோ?"

"இல்லை பிள்ளை. அப்பாதான். தோளிலை வைச்சுக்கொண்டு வந்தவர்."

"அப்ப பஸ்?"

"பஸ்ஸும் மெய்தான். நீ ஒண்டும் கனவு காணேல்லை. நான்தான்…"

அவள் அழுவாள், கத்துவாள், என்னை அடித்தாலும் அடிப்பாள் என்று நின்றேன். அவள் தன் வலது கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் கை காட்டினவர், அம்மா. நான் கண்டனான், ஆனால் திருப்பிக் காட்டேல்லை. சித்தியோடை கோவிச்சுக்கொண்டு மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டனான். கனவிலைதானே, பரவாயில்லை எண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தன்."

பக்கத்து அறையிலிருந்து சின்னோரா, எவ்வளவு தூரம் வந்துவிட்டாய் பிள்ளை என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் இருக்கு சின்னோரா என்று மகள் இத்தாலியனில் சொன்னாள்.